ஜூரி தாள் வந்திருக்கிறதாமே

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம். உனக்கு அங்கே அமெரிக்காவில் ஃபெடரல் கோர்ட்டிலிருந்து, அதாவது மத்திய அரசின் கோர்ட்டிலிருந்து, ஜூரி கேள்வித்தாள் வந்திருப்பதைத் தம்பி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்காரும் சாதாரண மக்கள்தானே ஜூரி. மேஜைமேல் சும்மா கிடக்கிறதாம். போட்டுவைக்காதே கண்ணு. கைக்கு வந்த 10 நாளுக்குள் நிரப்பி அனுப்பிவிட வேண்டும்.

தொடக்கத்திலேயே நீ அமெரிக்கக் குடிமகளா என்று கேட்டிருக்கும். கிரீன் கார்டுதான் என்றால் 'இல்லை' என்று போடு, அதோடு விட்டுவிடுவார்கள். பல இடங்களில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் தாள் வந்துவிடுகிறது. அவசரத்தில் 'ஆம்' என்று போட்டால் பொய்யாகக் குடியுரிமை கோரியதாகப் பிடிப்பார்கள், நாட்டைவிட்டு அனுப்பும் வரைக்கும் போகும். நீ எதைப் போடப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. உள்ளதைப் போடு.

'ஆம்' என்றால், வேலையைச் சாக்குச் சொல்லி நழுவாதே. தேதி ஒத்துவராவிட்டால் தள்ளிவைக்கக் கேட்கலாம். படி நாளுக்கு 50 டாலர்தான், ஆனால் ஜூரிக்குப் போனாய் என்று நிரந்தர வேலையிலிருந்து யாரும் உன்னை நீக்க முடியாது. தக்க காரணமில்லாமல் போகாதவருக்கு 1,000 டாலர் வரை அபராதமோ 3 நாள் வரை சிறையோ உண்டு. அதை வைத்து மிரட்டிப் போனில் பணம் கேட்பவன் மோசடிக்காரன். கோர்ட் அப்படிக் கேட்காது.

ஃபெடரல் குற்ற வழக்கில் ஒரு தரப்பு அமெரிக்க அரசாங்கமேதான். போலீஸ், வக்கீல், பணம் எல்லாம் அதன் கையில். இருந்தும் ஜூரியில் உள்ள 12 பேரும் ஒருமனதாகச் சொல்லாமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஒரே ஒருவர் இசையாவிட்டாலும் தீர்ப்பு வராது, அரசாங்கம் விரும்பினால் புதிதாக விசாரணை நடத்த வேண்டும். 12 பேரும் குற்றமில்லை என்றுவிட்டால் அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்ற அதற்கு வழியே இல்லை. இந்த அதிகாரத்தைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் வராமல் போனால் என்ன ஆகும்? நம் தென்னாப்பிரிக்காவில் ஜூரி 1969-இல் ஒழிந்தது. அதிலும் கடைசிக் காலத்தில் வெள்ளைக்காரர்தான் உட்கார்ந்தார்கள். உனக்கு அந்த நாற்காலி கிடைக்கிறது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அதைக்கூட தம்பி வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூரிக்கு ஆள் தேர்வு செய்யும்போது கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல். பெரிய குற்ற வழக்கில் காரணம் சொல்லாமலே அரசுத் தரப்பு 6 பேரை, எதிர்த்தரப்பு 10 பேரை விலக்கலாம். உன்னை விலக்கினால் வருத்தப்படாதே. எடுத்துக்கொண்டால் வழக்கைப் பற்றிப் போனில் தேடவே தேடாதே. கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு வராத செய்தி ஒரு ஜூரி காதில் ஏறினாலே விசாரணை கலைந்துபோகலாம். உனக்குப் போனை விட்டு இருக்க முடியாது, எங்களிடம் பேச மட்டும்தான் நேரமில்லை.

இன்னொன்று. வேறு குடியுரிமை வாங்கினால் நம் குடியுரிமை தானாகப் போய்விடும் என்ற பிரிவு செல்லாது என்று நம் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. 1995 அக்டோபர் 6 முதல் அப்படி இழந்தவர்களும் இழக்காதவர்களாகவே கணக்கு. நீ அங்கே குடியுரிமை உறுதிமொழி எடுத்திருந்தால், அதைச் சொல்ல எங்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அம்மாவும் அழமாட்டாள். இங்கே வரும்போது நம் பாஸ்போர்ட்டில்தான் வர வேண்டும், தேதி முடிந்திருந்தால் இப்போதே புதுப்பி. ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா இருக்கிறது.

தாளை நாளைக்கே அனுப்பு. கையெழுத்தும் தேதியும் விட்டுவிடாதே. எந்தக் கட்டத்தில் குறி போட்டாய் என்று அம்மாவிடமாவது சொல்.

அன்புடன்,
அப்பா