மருந்து காயட்டும், டாக்டர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எலும்பு ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கும் தியேட்டர் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். தோப்பூர் கணவாயில் அடிபட்டு வருகிறவர்களுக்குக் காலில் உலோக பிளேட்டோ ராடோ வைப்பது உங்களுக்கு அன்றாட வேலை. நானும் தியேட்டரில் நின்றவள்தான். உங்கள் கைத்திறனைக் குறை சொல்ல வரவில்லை. கத்தி வைப்பதற்கு முந்தைய மூன்று நிமிடத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கத்தி வைக்கும் முன் தோலில் பூசும் கிருமிநாசினி மருந்து அயோடினா, குளோர்ஹெக்சிடினா என்று ஓயாமல் வாதம் நடக்கிறது. 2024இல் வந்த பெரிய ஆய்வில் இரண்டையும் ஆல்கஹாலில் கலந்து பூசிப் பார்த்தார்கள். தோல் கிழியாத முறிவுகளில் அயோடின் பூசியவர்களில் 2.4 சதவீதம் பேருக்கும், குளோர்ஹெக்சிடின் பூசியவர்களில் 3.3 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. வித்தியாசம் உண்டு, சரி. ஆனால் எதைப் பூசினாலும் காயவிடாவிட்டால் என்ன பயன்?

ஆல்கஹால் கலந்த மருந்து, முடியில்லாத தோலிலேயே குறைந்தது 3 நிமிடம் காய வேண்டும். அடுத்த நோயாளி வெளியே ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கும் அவசரத்தில், ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, நோயாளியை மூடும் டிரேப் துணி போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தோடு மருந்தும் துணிக்குப் போய்விடுகிறது. ஒற்றாமல் ஈரத்தின்மேலேயே காட்டரி (ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி) வைத்தால் தீப்பிடிக்கும்.

உலோகத்தின்மேல் கிருமி படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு அதை ஒழிப்பது கஷ்டம். மறுபடி திறந்து கழுவ வேண்டும், சில நேரம் பிளேட்டையே கழற்ற வேண்டும். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக் கூலிக்குப் போகிறவருக்கு அந்த சீசன் வருமானம் அத்தோடு போச்சு.

அப்புறம், முந்தின இரவே பிளேடால் மழிப்பதை விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறுகிறது. முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் தோலைக் கீறாமல் முடியை வெட்டும் கிளிப்பர் மெஷின் போதும் என்று 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதை வாங்கித் தர வேண்டியது நிர்வாகம், வார்டு பாய் அல்ல. பாதி தீர்ந்த பெட்டாடின் (அயோடின் மருந்து) பாட்டிலில் புதியதை ஊற்றி நிரப்பவும் வேண்டாம். அயோடின் கரைசலுக்குள்ளேயே கிருமி உயிரோடு இருந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். செக்லிஸ்ட் தாளில் 'மருந்து காய்ந்ததா?' என்று ஒரு வரி சேருங்கள். அதைப் பயிற்சிக்கு வந்த பெண் கேட்டாலும், டாக்டர், முறைக்காமல் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
காவேரிப்பட்டினம்