செல்விக்கு, ஜெர்மனி போவது பற்றி

அனுப்பானடி,
மதுரை.

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பணி நிரந்தர ஆணை வந்துவிட்டது என்ற வரியை அத்தைக்கும் இவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எத்தனை வருஷம் தொகுப்பூதியத்திலேயே ஓட்டினாய்! இனிமேல் தைரியமாக லோன் போட்டு உசிலம்பட்டியிலேயே ஒரு வீட்டைக் கட்டு. கிரகப்பிரவேசத்துக்கு நான் ஊரில் இருப்பேனா என்றுதான் தெரியவில்லை.

கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, "இந்த வயசுல, பிள்ளைய விட்டுட்டு, அவசியம் போகணுமாடி?" என்று. வேறு யார் கேட்டிருந்தாலும் பேச்சை மாற்றியிருப்பேன். நீ கேட்டதால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன் செல்வி.

சம்பளம் ஒரு காரணம், இல்லையென்று சொல்ல மாட்டேன். வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டியபின் கையில் எதுவும் நிற்பதில்லை. ஆனால் அதைவிட என்னை அரிப்பது வேறு. ஐ.சி.யு.வில் ராத்திரி முழுக்க வென்டிலேட்டர் நோயாளிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, காலையில் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது ஒவ்வொரு நாளும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். இன்னும் பத்து வருஷம் கழித்தும் அங்கேதான் நிற்பேன் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஹாஸ்டலில் நாம் இருவரும் விடிய விடியப் படித்தது இதற்காக இல்லை.

ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்தாயிற்று. இப்போது அடுத்த நிலை, பி2. இங்கே மதுரை அண்ணாநகரில் மத்தியான வகுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. இலக்கணத்தை அவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் "எண்பது வயசுப் பாட்டி, ராத்திரி பாத்ரூம் போகையில் விழுந்துவிட்டார், இடுப்பில் வலி, டாக்டருக்குத் தகவல் சொல்" என்று டீச்சர் கொடுத்தால் நான்தான் முதலில் வாயைத் திறக்கிறேன். எதை முதலில் சொல்ல வேண்டும், எதை விடக் கூடாது என்று எனக்குத் தெரியும் இல்லையா? செல்போனில் பதிவு செய்து, பஸ்ஸில் வரும்போது கேட்டுத் திருத்திக்கொள்கிறேன். ஜெர்மன் சொல்லித் தருகிற சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் பரீட்சை எழுத வேண்டும்.

அங்கே வேலையே வேறு மாதிரி என்பதையும் விசாரித்துவிட்டேன். நோயாளியைக் குளிப்பாட்டுவது, பல் துலக்கிவிடுவது, ஊட்டுவது எல்லாம் நர்ஸ் வேலை. நம் ஊர் மாதிரிப் பக்கத்தில் அட்டெண்டர் உண்டு என்று உட்கார முடியாது. நாம் கண்ணை மூடிக்கொண்டு நரம்பில் போடுகிற ஐ.வி. லைனை அங்கே பெரும்பாலும் டாக்டர் போடுகிறார். போன சில பேருக்கு இது பெரிய மனக்குறையாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படுத்திருக்கிறவரைப் புரட்டித் துடைக்கும்போது தெரிகிற புண்ணும் வீக்கமும் வேறெப்போது தெரியும்?

முதலில் முழு நர்ஸாகவும் எடுக்க மாட்டார்கள். நம் சர்டிபிகேட்டைப் பார்த்து எது குறைகிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு ஒரு பரீட்சையில் தேற வேண்டும், இல்லையென்றால் சில மாதம் பயிற்சி. அது முடிந்து உரிமம் வரும்வரை உதவியாளர் சம்பளம்தான். குடும்பத்தை அழைப்பதெல்லாம் அதற்குப் பிறகு, வருமானம் போதும் என்று காட்டினால்தான்.

நம் ஊரில் ஒரு கன்சல்டன்ஸியில் நாலு லட்சமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். நியாயமாக ஆள் எடுப்பதற்கென்று ஜெர்மனி அரசு கொடுக்கிற தர முத்திரை ஒன்று இருக்கிறது. அதை வாங்கியவர்கள் நர்ஸிடம் காசு வாங்கக் கூடாது, ஆள் எடுக்கிற ஆஸ்பத்திரிதான் செலவை ஏற்க வேண்டும். அப்படி ஓர் இடத்தில்தான் பேசி முடித்திருக்கிறேன். ஒப்பந்தம் வந்ததும் டீச்சரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நடுவில் வேலையை விட்டால் ஒரு தொகை திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு ஷரத்து. எவ்வளவு, எத்தனை மாதம் வரை என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

இவரும் நானும் பேசி எல்லையும் போட்டுக்கொண்டோம். என் வளையல் ஒரு ஜோடி மட்டும் அடகுக்குப் போகும். அலங்காநல்லூர் நிலத்தைத் தொடுவதில்லை. இரண்டு வருஷத்துக்குள் உரிமம் வராவிட்டால் திரும்பிவிடுவேன். ஊர் என்ன சொல்லும் என்று பயந்துகொண்டு அங்கேயே கிடந்து உழலப் போவதில்லை. இந்தக் கடைசி வாக்கை இவர் வாயால் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. வெறுங்கையோடு வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்று தெரிந்தால்தானே துணிந்து காலை எடுத்து வைக்க முடியும்?

பிள்ளை விஷயம்தான். மேலூர்ப் பக்கம் எத்தனை வீட்டு ஆம்பளைகள் துபாய், சிங்கப்பூர் என்று போயிருக்கிறார்கள், "பிள்ளைய யாரு பார்ப்பா?" என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. என்னிடம் தெருவே கேட்கிறது. கேட்டவர்கள் மேல் கோபம் உண்டு. ஆனால் கேள்வி ராத்திரியில் என்னையும் விடுவதில்லை. அவன் ஏழாம் வகுப்பு. "அங்க இருந்து கணக்குச் சொல்லித் தருவியாம்மா?" என்று கேட்டான். இருவரும் உட்கார்ந்து காலண்டர் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். காலை ஷிஃப்ட் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் முடிந்தால் இங்கே ஐந்தரை, இல்லை ஆறரை. டியூஷன் விட்டு அவன் வருகிற நேரம். தாளைக் கிழித்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டான். அன்றைக்கு நான் அழுதேன், அவன் அழவில்லை.

உன் தங்கை மகள் வளைகுடா போக ஏஜெண்டுக்கு மூன்று லட்சம் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். கொடுக்க விடாதே. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பே 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய அரசு நடத்துகிற இமைகிரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா, இன்னும் செல்லுமா என்று பார். சென்னையில் நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் கேட்கச் சொல். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு அவளைக் கையோடு கூட்டி வந்துவிடு.

பரீட்சை முடிந்ததும் உசிலம்பட்டிக்கு வருகிறேன். ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டு வருகிறேன், நீயும் ஒரு தடவை படி. என் கண்ணுக்குத் தப்பியது உனக்குப் படும். இன்னொன்றும் கேட்க வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. இவர் மாத்திரை வாங்கிப் போட்டுவிடுவார், டெஸ்ட் எடுப்பதை மறந்துவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட்டை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ பார்த்து அவரை விரட்ட வேண்டும். சம்மதம் என்று ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
உன் மீனா