விளம்பரத்தில் நடை சாத்தும் நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் தங்கள் பத்திரிகையில் தென்னிந்திய யாத்திரை விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். "6 நாள் 27 ஆலயம்", "8 நாள் 40 ஆலயம்" என்று கோயில் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தக் கோயிலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்பதற்கு ஒரு வரி இராது. நான் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் 31 வருடம் டைம்கீப்பராக இருந்தவன். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் எழுதாத பயணத்தைக் கண்டால், ஓய்வு பெற்ற பிறகும் என் கை பேனாவைத் தேடுகிறது.

2023 ஆவணியில் அப்படி ஒரு விளம்பரத்தை நம்பிப் போனோம். நானும் மனைவியும் அவரின் அக்காவும். பஸ்ஸில் 38 பேர். யார் கூட்டிப்போனார் என்று எழுத வரவில்லை. மனிதர் நல்லவர், கணக்குத்தான் பிழை. சிதம்பரம் கீழ வீதியில் பஸ் நின்றபோது என் கைக்கடிகாரத்தில் 12.25. செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே எறிந்துவிட்டு அர்ச்சனைத் தட்டுடன் 38 பேரும் ஓடினோம். நடை சாத்தியாகிவிட்டது. வாசலில் பூக்காரி ஒருத்தி மிச்சப் பூவின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இனிச் சாயந்தரம்தான்" என்றாள். அவள் அன்றைக்கு எத்தனை பஸ்ஸுக்கு அதைச் சொன்னாளோ.

கூட்டிப்போனவர் தயங்கவில்லை. "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்று சொல்லி எல்லோரையும் மேலே பார்த்துக் கும்பிட வைத்து, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வண்டியை விடச் சொன்னார். அங்கும் நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பது அவருக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. நான்கு மணிவரை பஸ்ஸுக்குள் வெந்தோம். அவருடைய 27 இல் சிதம்பரமும் ஒன்றாகக் கணக்கில் ஏறியது.

நம் மட்டக்களப்பிலும் பகலில் நடை சாத்துகிறார்கள்தான். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலுக்குப் பிந்திப் போனால் என்ன, அடுத்த வெள்ளிக்கிழமை மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொள்ளலாம். சிதம்பரத்துக்கு, விசா எடுத்து, கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ் பிடித்துப் போகும் 70 வயதுக்காரருக்கு அடுத்த வெள்ளி ஏது?

ஆகவே 2025 பெப்ரவரியில் நானே திட்டம் போட்டேன். மகள், மருமகன், பேரன் எல்லாம் சேர்ந்து ஆறு பேர். திருச்சியில் இறங்கி வாடகை வண்டி. (நாம் வான் என்பதை அங்கே வேன் என்கிறார்கள்.) தைப்பூசம் 11 ஆம் திகதி, சிவராத்திரி 26 ஆம் திகதி, இரண்டுக்கும் நடுவில் கூட்டம் குறைந்த பத்து நாட்களைப் பிடித்தேன். ஃபுல்ஸ்கேப் தாளில் மூன்று நிரல் கீறி இடம், நடை திறப்பு, நடை சாத்து என்று எழுதினேன். எழுதி முடித்ததும் யாத்திரையின் முழுச் சூத்திரமும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நண்பகல் 12 முதல் 4 வரை தமிழ்நாட்டில் கோயில்களே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நான்கு மணித்தியாலத்தைச் சாலைக்கும் சோற்றுக்கும் கடலுக்கும் கொடுத்துவிட வேண்டும். காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில். மூன்றாவதை யாராவது கேட்டால் காதில் விழாததுபோல் இருந்துவிட வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. திருவானைக்காவலில் உச்சிக்காலப் பூசையை அர்ச்சகர் அம்பாளைப் போலச் சேலை உடுத்தி வந்து செய்கிறார். அதற்கு நண்பகலில்தான் போக வேண்டும். போனோம். பின்னேரம் தஞ்சாவூர். பெரிய கோயிலில் பகல் வெயிலில் கருங்கல் தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும். பொழுது சாயும்போது போனால் விமானம் மெல்ல மெல்லப் பொன் நிறமாகிக்கொண்டு வரும். 1010 இல் முடித்த கோயில். ஈழ மண்டலத்து ஊர்களையும் இதற்கு நிவந்தமாக (கோயில் செலவுக்கான மானியமாக) விட்டதாக இராஜராஜனின் கல்வெட்டு சொல்கிறது. "அப்படியென்றால் நமக்கும் இதில் பங்கு உண்டு" என்றார் மருமகன். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர், எதிலும் பங்கைத்தான் பார்ப்பார்.

சிதம்பரத்துக்கு இம்முறை மாலை 5 மணிக்குப் போய் இரவுப் பூசைவரை இருந்தோம். அதே வாசல். பூக்காரி இல்லை.

மறுநாள் நண்பகல் பூம்புகார். இதைக் கொஞ்சம் விரித்து எழுத அனுமதியுங்கள். முதல் யாத்திரையில் இந்த ஊரைக் கேட்டபோது "அங்கே கும்பிட என்ன இருக்கிறது?" என்றார்கள். கோயில் எண்ணிக்கையை விற்பவருக்குப் பூம்புகார் பெறுமதியில்லாத ஊர். எங்களுக்கு அப்படியா? நான் செட்டிபாளையத்துக்காரன். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை எங்கள் வீட்டில் மீன் சட்டி அடுப்பேறாது. மனைவியின் அக்காவுக்கு 71 வயது. குளிர்த்திப் பாடலைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக வைத்திருப்பவர். 1973 இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் குடையும் இல்லாமல் நேரே கடற்கரைக்கு நடந்தார். காவிரி கடலில் விழும் இடத்தைக் காட்டச் சொன்னார். டிரைவர் தம்பி காட்டினார். மணலுக்கு நடுவே சோம்பிக் கிடந்த நீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "இவ்வளவுதானா காவிரி? நம் முகத்துவாரம் இதைவிடப் பெரிது."

பிறகு கடலைப் பார்த்து நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். என்ன பாடுகிறார் என்று டிரைவர் என்னைக் கேட்டார். மதுரையை எரித்து வந்தவளின் கோபத்தைத் தணிக்கப் பாடுவது என்றேன். திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளை அவர். "எங்கள் பக்கம் கண்ணகிக்கு ஒரு கோயில்கூட நான் பார்த்ததில்லை ஐயா" என்றார். நான் விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினேன்: செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில்... இரண்டாவது கைக்குப் போனபோது அவர் சிரித்துவிட்டார். "பிறந்த வீட்டை விட்டுவிட்டு உங்கள் ஊரில் வந்து குடியேறிவிட்டாள் போலிருக்கிறது." அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. யாத்திரை முடியும்வரை தன் பங்கு வடையில் ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பூம்புகாரிலிருந்து தெற்கே வந்தால் திருக்கடையூர். மணிவிழாத் தம்பதிகளின் மாலையும் கழுத்துமான கூட்டம். அதற்கு அடுத்தது தரங்கம்பாடி. டேனியர் 1620 இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது; நம் ஒல்லாந்தர் கோட்டையைவிடச் சிறியது, ஆனால் காற்று நல்லது. தமிழில் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சானது இந்த ஊரில்தான். பத்திரிகைக்காரரான தாங்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. நாகூரில் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்தது 131 அடி; தஞ்சை மராட்டிய மன்னர் கட்டிக் கொடுத்தது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகைக்குக் கொடியேற்றுவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசலில் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அதற்கும் அப்பால் வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் பேர் செத்தது நாகபட்டினம் மாவட்டத்தில், இலங்கையில் அம்பாறை மாவட்டத்தில். அந்தக் கடற்கரையில் தேநீர்க் கடைக்காரர் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். பேரனின் பாலுக்குக் காசு வாங்கவில்லை.

இனி, விளம்பரக்காரர் சொல்லாத சில சில்லறை விடயங்கள். வாடகை வண்டிக்குக் கிலோமீட்டர்க் கணக்கு டிரைவரின் ஷெட்டிலிருந்து ஷெட்டுவரை. கன்னியாகுமரியில் இறங்கி விடைபெற்றால், வெறும் வண்டி திருச்சிக்குத் திரும்பும் தூரமும் உங்கள் தலையில்தான். அதனால்தான் நாங்கள் மதுரைக்கு ஏறி வந்து அங்கிருந்து விமானம் பிடித்தோம். டிரைவர் பேட்டா, டோல்கேட், பார்க்கிங் எல்லாம் தனி என்பதை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அடுத்தது விடுதி. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அதற்கென்று ஒரு படிவத்தைப் பதிய வேண்டும். சிறிய விடுதிகள் பல அந்தத் தொல்லைக்குப் பயந்து, இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்றுவிடுகின்றன. தமிழில் கதைக்கிறோம், நெற்றியில் நீறு இருக்கிறது, ஆனாலும் சட்டத்தில் நாம் வெளிநாட்டவர். இரவு 9 மணிக்கு ஒரு ஊரில் மூன்று விடுதி ஏறி இறங்கினேன். முதல் நாளே தொலைபேசியில் "இலங்கையர் தங்கலாமா?" என்று கேட்டிருந்தால் அந்த நடை மிச்சம். இளநீர்க் கடை வரைக்கும் அங்கே கைத்தொலைபேசியில் காசு அனுப்புகிறார்கள். நமக்கு அந்த வசதி எளிதில் கிடைக்காது, சில்லறை நோட்டு கையில் வேண்டும்.

டிரைவர் எங்கே படுக்கிறார் என்பதையும் கேளுங்கள். முதல் யாத்திரையில் இரவு 2 மணிக்குப் பஸ் ஒரு தரம் வீதி ஓரத்துக்குப் போய் வந்தது. முன் இருக்கையில் விழித்திருந்தவர்கள் நானும் பிள்ளையாரும் மட்டும். இம்முறை இரவு 8 மணிக்குப் பிறகு வண்டி உருளாது என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிட்டேன்.

வேளாங்கண்ணியிலிருந்து இராமேஸ்வரம்வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முழுப் பகல் போனது. வேதாரண்யத்தில் உப்பளம், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகக் கற்கள். பாம்பனில் புதிய ரயில் பாலம் அப்போது திறக்கப்படவில்லை; ஏப்ரல் 6 ஆம் திகதிதான் திறந்தார்கள். மறுநாள் விடியுமுன் ஸ்படிகலிங்க தரிசனம், பிறகு 22 தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளித் தண்ணீர் தலையில் விழ விழப் பேரன் எண்ணிக்கொண்டு வந்தான். 17 இல் பிழைத்துவிட்டான்.

நண்பகலுக்குத் தனுஷ்கோடி. விளம்பரங்களில் இதுவும் "நேரம் இருந்தால்" என்ற வகையில்தான் வரும். மாலையில் வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே நேரம் ஒருநாளும் இருப்பதில்லை. இடிந்த தேவாலயச் சுவரின் நிழலில் நின்றேன். ஒரு காலத்தில் சென்னையில் ரயில் ஏறியவர் இங்கே இறங்கிக் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போய்ச் சேருவார். ரயிலுக்குக் கப்பல், கப்பலுக்கு ரயில் காத்திருக்கும். அந்த நேர அட்டவணையை எழுதிய மனிதரை எனக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது, பயணிகளோடு வந்த ரயில் உட்பட.

மட்டக்களப்பைப் புயல் அடித்த 1978 நவம்பர் 23 ஆம் திகதி எனக்கு 19 வயது. எங்கள் வீட்டுக் கூரைத் தகடு மூன்றாம் வளவில் கிணற்றுக் கட்டில் மடிந்து கிடந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கத்துக்குத் தலை வைத்துப் படுத்திருந்தன. மட்டக்களப்பு மறுபடி எழும்பிவிட்டது. தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகாத ஊர் என்று அறிவித்து விட்டுவிட்டார்கள். அக்காவும் மனைவியும் அங்கே வெகுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. சங்கு விற்ற சிறுமியிடம் மட்டும் விலை கேட்டார்கள்.

திருச்செந்தூரில் மனைவி கோபுரத்தைப் பார்த்து, "இது நேராக நிற்கிறது" என்றார். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் சுனாமி சரித்த கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள். படகு வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு நான் கரையில் இருந்துகொண்டேன்; மற்றவர்கள் போனார்கள். அதைப் பற்றி அவர்கள் எழுதட்டும்.

பத்து நாளில் நாங்கள் பார்த்த கோயில்கள் 15. எதுவும் கதவுக்கு வெளியே நின்று பார்த்ததில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. யாத்திரை விளம்பரம் கொண்டு வருபவரிடம், ஒவ்வொரு இடத்துக்கும் சேரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தராதவரின் விளம்பரத்தை வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பத்திரிகை நடத்தும் செலவு எனக்குத் தெரியாததல்ல. என் ஃபுல்ஸ்கேப் தாளின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்தால் அதையும் பிரசுரியுங்கள். திருவிழாக் காலத்திலும் மார்கழியிலும் நேரங்கள் மாறும் என்று கீழே எழுதியிருப்பதையும், சிதம்பரத்துக்கு நேரே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருப்பதையும் அச்சுக் கோப்பவர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம்கீப்பர்,
செட்டிபாளையம், மட்டக்களப்பு.