அந்த ஐநூறு பேர் தனியா ஜெயிக்கல

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல ஸ்பெயின்காரங்க மெக்சிகோவையும் பெருவையும் பிடிச்சத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நடை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஸ்பெயின் தளபதி கோர்டெஸ் ஐநூத்துச் சொச்சம் சிப்பாய்ங்களோட 1519ல போய் இறங்கினாரு, குதிரையையும் பீரங்கியையும் பாத்து அஸ்டெக் சாம்ராஜ்யமே ஆடிப்போச்சுன்னு இன்னும் எத்தனை நாளைக்கு சார் இதையே எழுதுவீங்க?

கட்டுரைல அஸ்டெக்காரங்களோட எதிரியான பக்கத்து நாடு ட்லாஸ்கலாங்கிற பேரு ஒரே ஒரு தடவ வருது, அதுவும் போகிற போக்குல. அவங்க இல்லேன்னா கோர்டெஸே இல்ல. அஸ்டெக்காரங்க அவங்கள சுத்தி வளைச்சு உப்பு கூட கிடைக்காம பண்ணி வச்சிருந்தாங்க, அந்த ஆத்திரம் பல வருஷத்து ஆத்திரம். முதல்ல ஸ்பெயின்காரங்களோடயும் சண்டைதான் போட்டாங்க, அப்புறம் கணக்குப் பாத்து கூட்டு சேந்தாங்க. 1520 ஜூன் 30 ராத்திரி அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான்ல இருந்து ஸ்பெயின்காரங்க அடிவாங்கி ஓடி வந்தப்ப அடைக்கலம் குடுத்தது யாரு? இவங்கதான். ஏரி நடுவுல இருக்குற ஊர தாக்க 13 படகு தேவப்பட்டுச்சு, அத ட்லாஸ்கலாவுல செஞ்சு, பிரிச்சு, மலை தாண்டி தோள்ல சுமந்துட்டு ஏரிக்கரை ஊரான டெஸ்கோகோ வரைக்கும் கொண்டு வந்ததும் உள்ளூர் ஆளுங்கதான். 1521 ஆகஸ்ட் 13ல ஊர் விழுந்தப்ப முற்றுகை போட்ட படைல ஸ்பெயின்காரங்க ஒரு சின்ன பகுதி, மத்ததெல்லாம் அந்த மண்ணோட ஜனங்க. அதுக்குள்ள பெரியம்மை வேற ஊருக்குள்ள புகுந்து மோக்டெசுமாவுக்கு அடுத்து வந்த அரசர் குயிட்லாவாக்கையே கொண்டு போயிருச்சு.

பெருவுலயும் இதே மாதிரிதான். 1532 நவம்பர்ல கஜமார்கா ஊர்ல ஸ்பெயின் தளபதி பிசாரோகிட்ட இருந்தது 168 பேரு, சரி, ஆனா அப்பத்தான் இன்கா அரச வம்சத்து அடஹுவால்பாவும் அவரோட மாற்றாந்தாய் சகோதரர் ஹுவாஸ்காரும் அடிச்சுக்கிட்டு நாடே ரெண்டா கெடந்துச்சு. ஹுவாஸ்கார் பக்கம் நின்ன ஹுவாங்கா மக்கள் பிசாரோவுக்கு சோறு, துணி, சுமக்க ஆளுன்னு எல்லாம் குடுத்தாங்க, குடுத்தத முடிச்சுக் கயிறுல கணக்கா வச்சிருந்து பின்னாடி லிமா கோர்ட்ல அத காட்டி பலன் கேட்டாங்க! எனக்கு இந்த முழு வரலாத்துலயும் ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான், கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

கூட்டு சேந்தவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னும் எழுதியிருக்கலாம். ட்லாஸ்கலாவுக்கு சில சலுகை கிடைச்சுது. பக்கத்து ஊரு ஹுவேஹோட்சிங்கோ 1560ல ராஜா இரண்டாம் பிலிப்புக்கு தங்களோட நஹுவாட்ல் மொழிலயே மனு எழுதுச்சு, உங்காளுங்களுக்கு முதல்ல இருந்தே நாங்க உதவி பண்ணோம், ட்லாஸ்கலாகாரங்களாவது முதல்ல எதுத்து நின்னாங்க, நாங்க அது கூட பண்ணல, இப்ப எங்க மேலயே இவ்ளோ வரியான்னு.

இதெல்லாம் சொன்னா ஸ்பெயின்காரன் பண்ண அக்கிரமத்த மறைக்கிற மாதிரி ஆயிடும்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அப்படி தோணல. 1520 மே மாசம் கோர்டெஸோட துணைத் தளபதி அல்வராடோ கோயில் திருவிழாவுல ஆடிட்டிருந்தவங்கள வெட்டிப் போட்டது, இப்ப பொலிவியாவுல இருக்குற போடோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு முறை வச்சு ஆள் பிடிச்சது, இதுக்கெல்லாம் பொறுப்பு அவங்கதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த ஊர் ஜனங்கள வெறும் வேடிக்க பாத்தவங்களா காட்டாதீங்க.

தொடர் அடுத்து சிலிக்கு போகுதுன்னு போட்டிருக்கீங்க. அதுல 1553ல டுகாபெல்ங்கிற எடத்துல ஸ்பெயின் தளபதி வால்டிவியாவையே கொன்ன மாபுச்சே மக்கள பத்தி அரைப் பக்கமாவது எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர்