மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்டு சிஸ்டரின் மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் மருத்துவமனை நடத்திவரும் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நான் 17 வருடமாகச் செவிலியர் வேலையில் இருக்கிறேன். வீடு மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். கடைசி ஆறு வருடமாக வார்டு இன்சார்ஜ். இந்த வருடம் மருத்துவமனை மேலாண்மையில் எம்.பி.ஏ. முடித்தேன், தொலைநிலைக் கல்வியில். இரண்டு வருடப் படிப்பு அது. எனக்கு மூன்றரை வருடம் ஆனது. ஏன் ஆனது என்று சொல்லவும், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக உங்களிடம் சிலது கேட்கவும்தான் இந்த மடல்.

படிப்புக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் மருத்துவமனை மேலாண்மைக்கென்றே தொலைநிலையில் எம்.பி.ஏ. நடத்தியிருக்கிறது. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி தருகிறது. நர்சிங் பட்டம் வாங்கியவரும் படிக்கலாம், பி.காம். முடித்துவிட்டு பில்லிங்கில் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம். ஆனால் படிக்க நேரம் வேண்டும். அந்த நேரம் நீங்கள் கையெழுத்துப் போடும் டூட்டி ரோஸ்டரில்தான் இருக்கிறது.

நான் படிக்கச் சேர்ந்தபோது வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். பெயர் வேண்டாம். தொலைநிலை மாணவர்களுக்கு நேரில் நடக்கும் பி.சி.பி. வகுப்புக்காக ஒரு மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆஃப் கேட்டேன். அந்த டூட்டியை வேலைநாளில் பார்த்துக்கொள்கிறேன், கூடுதல் வேலைக்கு ஈடாக வரும் காம்ப் ஆஃபையும் விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். "படிச்சு என்னம்மா செய்யப்போற, சிஸ்டர் சிஸ்டர்தான்" என்று பதில் வந்தது. இரண்டாவது செமஸ்டர் தேர்வுக்கு முந்தின இரவு எனக்கு நைட் டூட்டி. காலை எட்டு மணிக்கு ஹேண்டோவர் கொடுத்துவிட்டு, யூனிஃபார்மை மாற்றாமலேயே தேர்வுக்கூடத்துக்கு ஓடினேன். அடுத்த இரண்டு தேர்வுக்கு என்னால் போகவே முடியவில்லை. அப்படித்தான் இரண்டு வருடம் மூன்றரை ஆனது. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் என் மேட்ரன் ரோஸ்டரை எனக்காக மாற்றி மாற்றிப் போட்டுத் தந்ததால்தான் முடித்தேன். அவர் சொந்தப் பொறுப்பில் செய்தார். விதி என்று எதுவும் இல்லை.

சரி, படித்ததால் மருத்துவமனைக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

காலை பத்து மணி ரவுண்ட்ஸில், பாகூர் பக்கத்திலிருந்து வந்து அட்மிட் ஆகியிருந்த ஓர் அம்மாவிடம் டாக்டர் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். அந்த அம்மா உடனே சேலை மாற்றி, தலை வாரி, பையைக் கட்டிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் வெளியே போனபோது மாலை ஐந்தே முக்கால். இப்படி எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் என்ன நடக்கிறது என்று மணிக்கணக்கோடு ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. ப்ராஜெக்டுக்காக முதல்முறையாக எழுதினேன். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய ஜூனியர் டாக்டர் ஓ.பி.யில் இருக்கிறார். மிச்ச மருந்தைத் திருப்பித் தர பார்மசியில் ஆள் வர வேண்டும். லேப் கட்டணம் பில்லில் ஏற வேண்டும். எல்லாம் முடிந்து கணக்கு மூடிய பிறகுதான் காப்பீட்டுக்காரர்களிடம் கடைசி ஒப்புதலுக்கு ஃபைல் போகும். அதற்குள் மதியம் இரண்டு தாண்டிவிடும். ஒவ்வொரு வேலையும் தனக்கு முந்தையது முடியட்டும் என்று காத்துக்கிடக்கிறது. உண்மையில் சம்மரியின் பெரும்பகுதியை முந்தின நாள் மாலையே எழுதிவிடலாம். தேவையில்லாத மருந்தை அன்றிரவே திருப்பிவிடலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. வார்டில் நின்றவர்தான் பார்க்க முடியும், ஆனால் படித்த பிறகுதான் பார்க்கத் தோன்றுகிறது.

கணக்காகவே சொல்கிறேன். 30 கட்டில் உள்ள வார்டு எப்போதும் நிறைந்திருக்கிறது, ஒரு நோயாளி சராசரியாக ஐந்து நாள் தங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு ஆறு பேரைச் சேர்க்கலாம். தங்கும் காலத்தில் அரை நாள் குறைந்தால், மூன்று நாளில் 18 பேருக்குப் பதில் 20 பேரைச் சேர்க்கலாம். ஒரு கட்டில்கூடப் புதிதாக வாங்க வேண்டாம். அவசரப்பிரிவில் ஸ்ட்ரெச்சரிலேயே கட்டிலுக்காகக் காத்திருக்கும் இரண்டு பேர் அவர்கள். எனக்கு அந்த இரண்டு பேர்தான் முக்கியம். உங்கள் வருமானக் கணக்குக்கும் அது ஒத்துவந்தால் சந்தோஷம்.

ஸ்டோர் விஷயமும் அப்படித்தான். மருந்துகளைச் செலவை வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு மருந்து, பணத்தில் பத்தில் ஏழு பங்கை விழுங்கும். அது ஏ. எண்ணிக்கையில் அதிகம், பணத்தில் குறைவு என்றால் சி. அப்புறம் உயிர் காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று இன்னொரு பிரிவு. அட்ரினலின் ஆம்பூல் விலையில் சி, உயிர் விஷயத்தில் முதல் வரிசை. விலை குறைவு என்பதற்காக அதைக் கடைசியில் ஆர்டர் போட்டால் என்ன ஆகும் என்று எந்த வார்டு சிஸ்டருக்கும் தெரியும். அதைப் பர்ச்சேஸ் மீட்டிங்கில் எடுத்துச் சொல்லும் மொழி எனக்கு இந்தப் படிப்பில்தான் கிடைத்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எளிய ஏற்பாட்டை அது வைத்தது. மருந்தை மொத்தமாக வாங்கிப் பிரித்துத் தரும் அந்த முறையைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இப்படிக் கழகங்கள் அமைத்தன. நல்ல நிர்வாகம் என்பது நம் ஊரிலேயே நடந்த விஷயம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் கடலூர்க் கரையில் புகுந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். கரண்ட் போய்விட்டது. மாவட்டத்தின் பல ஊர்களுக்கு அது திரும்பிவர நாட்கணக்கானது. அன்று எங்கள் ஐ.சி.யூ. ஓடியதற்குக் காரணம் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர். யாரும் சொல்லாமலே முந்தின நாள் டீசல் டிரம் நிரப்பி, ஆக்சிஜன் சிலிண்டர்களை எண்ணி மேல்தளத்துக்கு ஏற்றிவைத்திருந்தார். பேரிடர் கால மருத்துவமனைத் திட்டம் என்ற பாடத்தைப் படித்தபோது அவர்தான் என் கண் முன்னால் நின்றார். அவர் செய்ததெல்லாம் அந்தப் பாடத்தில் இருக்கிறது. அவர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் தலையில் இருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த புயலுக்கு யாருக்கு அது தெரியும்?

வெளியிலிருந்து மேலாளராக வருகிறவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களில் நல்லவர்களிடம் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் 1823இலேயே மருத்துவப் பள்ளி கண்ட ஊர் புதுச்சேரி. பிறகு அதன் வழியில்தான் ஜிப்மர் வந்தது. வைத்தியம் சொல்லிக்கொடுப்பதில் இருநூறு வருடப் பழக்கம் உள்ள ஊரில், மருத்துவமனையை நடத்துவதை மட்டும் ஆளுக்கு ஆள் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொள்கிறோம். வார்டிலும் லேபிலும் ரெக்கார்ட் ரூமிலும் வருடக்கணக்காக நின்றவர்களைப் படிக்கவைத்தால், அனுபவமும் நிர்வாகப் படிப்பும் ஒரே ஆளிடம் சேரும்.

பண உதவி நான் கேட்கவில்லை. ஃபீஸை அவரவர் கட்டிக்கொள்வார்கள். தேர்வு அட்டவணை வந்ததும் அதை நர்சிங் ஆபீசில் கொடுத்தால், அந்த நாட்களுக்கும் முந்தின இரவுக்கும் டூட்டி போடக் கூடாது என்பதை எழுத்தில் உத்தரவாக்குங்கள். மேட்ரனின் நல்ல மனசை நம்பி யாரும் படிக்க வேண்டியிருக்கக் கூடாது. ஆள் இல்லையே என்பீர்கள். இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோலிலேயே விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதலாக ஆள் வைக்கச் சொல்லியிருக்கிறது. அதைப் பாதியளவு கடைப்பிடித்தாலும் இரண்டு பேர் தேர்வுக்குப் போவதால் வார்டு நின்றுவிடாது.

ப்ராஜெக்டைச் சொந்த மருத்துவமனையிலேயே செய்யவிடுங்கள். என்னுடன் படித்த ஒரு லேப் டெக்னீஷியன், தன் மருத்துவமனையில் கணக்கைக் காட்ட மறுத்ததால், தெரியாத ஓர் இடத்துக்குப் போய்க் கருத்துக்கேட்புப் படிவம் கொடுத்து ப்ராஜெக்டை முடித்தார். அவர் இடத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு ஏன் தாமதமாகிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அதைத்தான் அவர் எழுதியிருக்க வேண்டும். நோயாளிகளின் பெயரையும் எண்ணையும் எடுத்துவிட்டு நேரத்தையும் தொகையையும் மட்டும் கொடுத்தால் போதும். ரகசியம் எதுவும் வெளியே போகாது.

முடித்து வந்தவரை "அஞ்சல் வழி" என்று ஒதுக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கிய பட்டமும் நேரடிப் படிப்புக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உடனே பதவி கொடுங்கள் என்று சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு பர்ச்சேஸ் மீட்டிங்கில், ஒரு தரக்குழுக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். பேசவிடுங்கள்.

எங்கள் வார்டில் இரண்டு பெண்கள் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். கடலூர் பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டியதும் புத்தகத்தைத் திறந்து, அரியாங்குப்பம் பாலம் வருவதற்குள் ஒரு யூனிட் முடிக்கப் பார்க்கிறார்கள். அடுத்த செமஸ்டர் தேர்வு தேதி வந்ததும் அவர்களின் விண்ணப்பம் நர்சிங் ஆபீஸுக்கு வரும். தயவுசெய்து அதற்கு முன்பாக அந்த உத்தரவைப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வார்டு இன்சார்ஜ் செவிலியர்
மஞ்சக்குப்பம், கடலூர்