துருவக் கடலின் கதையைத் தமிழிலும் வையுங்கள்

கடல் அறிவியல் கண்காட்சியை ஏற்பாடு செய்தவர்களுக்கு,

வணக்கம். கொழும்பில் முடிந்த உங்கள் கண்காட்சி அடுத்து வெளிமாவட்டங்களுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதால்தான் இந்த மடல். தமிழ்மொழிமூல வகுப்புகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். பலகைகளில் தமிழ் விளக்கம் இல்லை என்று எத்தனை பேர் வாசலிலேயே முறையிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் அதையேதான் கேட்கிறேன்: அடுத்த ஊருக்குப் போகும் முன் ஒவ்வொரு பலகையிலும் முழு விளக்கத்தையும் தமிழில் வையுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காமல் போனது துருவக் கடல் பகுதியில். கண்ணாடிப் பெட்டிக்குள் கடலடியைத் துளைத்து எடுத்த, சாம்பலும் கறுப்புமாக வரிவரியான ஒரு மண் உருளை, அதன் நடுவே கடலைப் பருப்பளவு ஒரு கல். தலைப்பு மட்டும் மூன்று மொழியில், கீழே இருந்த விளக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். "டீச்சர், இவ்வளவு மெல்லிய சேத்துக்குள்ள கல் எப்படி வந்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில், நுண்ணிய சேறு மட்டுமே படிகிற ஆழத்துக்கு நீரோட்டம் கல்லைக் கொண்டுபோகாது; பனிக்கட்டியோடு உறைந்து மிதந்து வந்து, அது உருகும்போது விழுந்திருக்க வேண்டும். கல் கிடைக்கிற படையின் வயது தெரிந்தால் அங்கே எப்போது பனி மிதந்தது என்பதும் தெரிந்துவிடும். இதை நான் சொல்லத் தொடங்கவே, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நகருங்கள் என்றார் உங்கள் வழிகாட்டி. எங்களுக்கு முன்னால் போன குழுவுக்கு அவரே பூதக்கண்ணாடி கொடுத்து, நிதானமாக விளக்கிவிட்டுத்தான் அனுப்பினார். அந்தப் பிள்ளை பதில் கிடைக்காமலே அடுத்த அறைக்குப் போனாள்.

அவள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. 2004இல் வட துருவத்துக்குக் கிட்ட லோமோனோசோவ் கடலடி மலைத்தொடரில், இரண்டு கப்பல்கள் மிதக்கும் பனியை உடைத்து விலக்கிக்கொண்டிருக்க, மூன்றாவது கப்பல் கடலடிக்குக் கீழே 428 மீற்றர் வரை துளைத்து இப்படிச் சேற்று உருளைகளை எடுத்தது. சுமார் 5 கோடியே 50 இலட்சம் வருடங்களுக்கு முன் அந்தக் கடலின் மேற்பரப்பு 23 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருந்திருக்கிறது என்பதை அந்தச் சேறுதான் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு, சுமார் 4 கோடியே 90 இலட்சம் வருடங்களுக்கு முன், அதே கடலில் அசோலா என்ற மிதக்கும் பன்னம் படர்ந்து கிடந்திருக்கிறது. ஆம், வயலில் பசளைக்கு விடுகிற அதே அசோலாவின் இனம்தான்! வயல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் உண்டா?

அந்தாட்டிக்காவில் சுமார் 3 கோடியே 40 இலட்சம் வருடங்களுக்கு முன் பெரும் பனிப்படலம் உருவானதையும் கடலடி நுண்ணுயிர்களின் ஓடுகளில் படிக்கலாம். நீரில் உள்ள ஒட்சிசனில் பாரம் குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு; பாரம் குறைந்த ஒட்சிசன் உள்ள நீர் கூடுதலாகப் பனியாகித் தரையில் தங்கிவிட, பாரம் கூடிய ஒட்சிசன் கடலில் மிஞ்சி ஓடுகளில் சேர்ந்துவிடுகிறது. அப்புறம், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 வருடங்களுக்கு முன், கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். அடுத்து நீங்கள் போகும் ஊர்களில் அந்தக் கடற்கரைப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களிடமும் தலைப்பை மட்டுமா காட்டப்போகிறீர்கள்?

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அதற்குப் பிறகு பிறந்தவர்களே இன்று பெற்றோராகிவிட்டார்கள், இன்னமும் படிவத்திலும் அறிவித்தலிலும் தமிழைத் தேடித் திரிகிறோம், தட்டிக்கேட்டால் "அடுத்த முறை பார்ப்போம்" என்கிறார்கள். நாங்களும் அதே கட்டணம்தான் கட்டி உள்ளே வந்தோம்.

சரி, உங்கள் உழைப்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்த மண் உருளையைக் கொழும்புக்குக் கொண்டுவந்ததற்கு மனமார நன்றி. தயவுசெய்து பலகைகளில் முழு விளக்கத்தையும் தமிழில் வையுங்கள், தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவரையாவது கூட அனுப்புங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் வாசகங்களை எங்களுக்கு அனுப்புங்கள், புவியியல் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் செய்து தருகிறோம். அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை எங்களிடம் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை,
வெள்ளவத்தை