குட்டையில் உப்பு கொட்டச் சொன்ன கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்து வீட்டு வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தவளைச் சத்தம் தாங்கவில்லையென்றால் குட்டையில் உப்பைக் கொட்டலாம் என்று ஒரு யோசனை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சுகிறது. உப்பு பட்டால் அந்தத் தோல் வழியாகவே உடம்பு வற்றிச் செத்துப்போகும். தங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் அச்சேற்றியிருக்கிறீர்கள்.

எங்கள் பக்கம் புதிதாகக் குடிவந்த ஒருவர் இதே வைத்தியத்தைச் செய்து பார்த்தார். சத்தம் நின்றது. தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தன, அப்புறம் நாற்றம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினார். அதை முதலிலேயே சாத்தியிருக்கலாம்.

கத்துவது ஆண் தவளை, பெண்ணைக் கூப்பிடுகிறது. பருவம் முடிந்தால் தானாக அடங்கிவிடும். வார இறுதியில் வருகிறவர்கள் வைக்கும் ஒலிபெருக்கிக்கு அப்படி ஒரு பருவமும் கிடையாது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

ஆள்காட்டிக் குருவி 'காரணமில்லாமல்' நடுராத்திரியில் அலறுகிறதாம். வெறும் தரையில் முட்டையிடும் பறவை, காலடி கேட்டால் கத்தாமல் என்ன செய்யும்? அது கத்தும்போது டார்ச்சோடு வெளியே போய்ப் பார்த்திருக்கிறேன். நாயோ ஆளோ நடமாடிக்கொண்டுதான் இருக்கும்.

தங்கள் இதழுக்கு இது புதிதல்ல. முன்பு 'கூவும் குயில்' என்று அட்டையில் பெண் குயிலைப் போட்டீர்கள், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு. கூவுவது கறுப்பு ஆண் குயில். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. சிட்டுக்குருவி காணாமல் போகிறதே என்று சிறப்பிதழ் போட்டு அழுததும் தாங்கள்தான்.

பிரான்சில் விடுமுறை வீட்டுக்காரர்கள் மொரீஸ் என்ற சேவல் கூவுகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2019-இல் நீதிமன்றம் சேவல் பக்கம் நின்றது. 2021-இல் கிராமத்து ஒலிகளையும் வாசனைகளையும் காக்கச் சட்டமே வந்தது. அதற்கு முன்பு தவளைக் குளத்தைத் தூர்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்ததும் அதே நாட்டில்தான், சரி. ஆனாலும் பிறகாவது யோசித்தார்கள்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. உப்பு கொட்ட வேண்டாம் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். தூக்கம் வராதவர்கள் தோட்டத்து விளக்கை அணைக்கட்டும். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும். இடமில்லையென்றால் குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பழைய சந்தாதாரர்